ஸ்பூனா, மூடியா, சிரிஞ்சா? குழந்தைக்கு ஆன்டிபயாடிக் அளக்கும்போது

குழந்தைக்கு ஆன்டிபயாடிக் சிரப் எழுதித் தந்ததும் எத்தனை வேளை, எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்கிறோம். எதில் அளப்பது என்று மட்டும் கேட்பதில்லை. கைக்குக் கிடைத்ததில் ஊற்றிக் கொடுத்துவிடுகிறோம். மருந்து சரியாக இருந்தும் அளவு பிசகுவது இந்த இடத்தில்தான்.

சமையலறை ஸ்பூனை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். மருத்துவக் கணக்கில் டீஸ்பூன் என்றால் 5 மி.லி., டேபிள்ஸ்பூன் என்றால் 15 மி.லி. வீட்டில் இருக்கும் ஸ்பூன்கள் அப்படி அளந்து செய்யப்பட்டவை அல்ல. ஒன்றில் 3 மி.லி. பிடிக்கும், இன்னொன்றில் 7 பிடிக்கும். 'ஒரு ஸ்பூன் கொடு' என்று சொல்லிவிட்டுப் போக, வீட்டில் இருப்பவர் பெரிய ஸ்பூனை எடுத்தால் ஒரே வேளையில் மூன்று மடங்கு மருந்து உள்ளே போய்விடும். குழந்தைகளுக்கான திரவ மருந்துகளின் அளவை மி.லி.-யில் மட்டுமே எழுத வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2015-ல் வலியுறுத்தியதற்கு இந்தக் குழப்பம்தான் காரணம்.

உண்மையான போட்டி மூடிக்கும் சிரிஞ்சுக்கும் இடையில்தான். பாட்டிலோடு வருவதால் மூடியை நம்புகிறோம். 10 மி.லி. குடிக்கும் பெரிய பிள்ளைக்கு அது போதும். ஆனால் 2.5 மி.லி. என்றால் மருந்து மூடியின் அடியை நனைக்கும் அளவுக்குத்தான் இருக்கும். கையில் பிடித்துப் பார்த்தால் கோடு ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கித் தெரியும். அதனால் சமமான இடத்தில் வைத்து, குனிந்து, கண் மட்டத்தில் பார்க்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு அழும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு யாரால் அப்படிப் பார்க்க முடியும்? அப்புறம், கொழகொழப்பான சிரப்பில் கொஞ்சம் மூடியிலேயே ஒட்டிக்கொள்ளும்.

சிரிஞ்சில் இந்தத் தொல்லைகள் இல்லை. 2016-ல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 2,110 பெற்றோரைப் பல தடவை மருந்து அளக்கச் சொன்னார்கள். நூற்றுக்கு 84 பேர் ஒரு தடவையாவது பிசகினார்கள். நூற்றுக்கு 21 பேர் ஒரு தடவையாவது இரண்டு மடங்குக்கு மேல் எடுத்தார்கள். மூடியில் தவறு நேரும் வாய்ப்பு சிரிஞ்சைவிட நான்கு மடங்குக்கும் மேல். அளவு சிறியதாக இருந்தபோது வித்தியாசம் இன்னும் பெரிதாக இருந்தது. படித்தவர், படிக்காதவர் என்ற பேச்சே இதில் வேண்டாம். அளக்கும் பொருளை மாற்றினாலே தவறு குறைகிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

சிரிஞ்சிலும் கவனிக்க வேண்டியது உண்டு. ஊசி போடும் சிரிஞ்ச் வேண்டாம், வாய்வழி மருந்துக்கானதைக் கேட்டு வாங்குங்கள். நுனியில் மூடி இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள், அது குழந்தையின் தொண்டையில் போய் அடைக்கலாம். காற்றுக் குமிழியை வெளியே தள்ளிய பிறகே அளவைப் பாருங்கள். குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். நேராகத் தொண்டைக்குள் பீய்ச்சினால் புரையேறும். டிராப்பர் எந்த மருந்தோடு வந்ததோ அந்த மருந்துக்கு மட்டும்.

சரி, சிரிஞ்ச் வந்துவிட்டது. எத்தனை மி.லி. இழுப்பது? இங்கே இன்னொரு பள்ளம் இருக்கிறது. அமாக்ஸிசிலின் சிரப் 5 மி.லி.-யில் 125 மி.கி. இருப்பதாகவும் கிடைக்கிறது, 250 மி.கி. இருப்பதாகவும் கிடைக்கிறது. 12 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 300 மி.கி. என்று மருத்துவர் எழுதியிருந்தால், முதல் பாட்டிலில் அது 12 மி.லி., இரண்டாவதில் 6 மி.லி. போன தடவை கொடுத்த மி.லி. கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு இந்தத் தடவை வேறு பாட்டிலிலிருந்து அளந்தால் பாதியாகும், அல்லது இரட்டிப்பாகும். மி.கி., மி.லி. இரண்டையும் சீட்டில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

வயதா, எடையா என்றால் பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகளுக்கு எடைதான். ஒரே வயதில் ஒரு குழந்தை 9 கிலோ இருக்கும், இன்னொன்று 13 கிலோ இருக்கும். ஆறு மாதத்துக்கு முந்தைய சீட்டை வைத்து நாமாக மருந்து வாங்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

பவுடராக வரும் டிரை சிரப்பா, தண்ணீரில் கரையும் மாத்திரையா? பவுடரில் அளவை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் கலக்கும்போதே தவறு நேரலாம். பாட்டிலைத் தட்டிப் பவுடரை உதிர்த்துவிட்டு, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைப் பாதி ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கிய பிறகு கோடு வரை நிரப்ப வேண்டும். நுரையைக் கோடு என்று எண்ணி நிறுத்தினால் ஒவ்வொரு வேளையும் மருந்து கூடுதலாகப் போகும். குலுக்காமல் கொடுத்தால் முதல் நாட்களில் நீர்த்தும் கடைசி நாட்களில் அடர்த்தியாகவும் போகும். கலந்த பிறகு அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட்டை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும்; கிளாரித்ரோமைசினை வைக்கக் கூடாது. எத்தனை நாள் தாங்கும் என்பதும் மருந்துக்கு மருந்து மாறும், லேபிளைப் படியுங்கள்.

மாத்திரையில் கலக்கும் வேலையும் இல்லை, ஃபிரிட்ஜும் தேவையில்லை. குழந்தைகளின் நிமோனியாவுக்கு உலக சுகாதார நிறுவனம் 250 மி.கி. கரையும் அமாக்ஸிசிலின் மாத்திரையைப் பரிந்துரைக்கிறது. குறை ஒன்றுதான்: முழுசாகவோ பாதியாகவோதான் கொடுக்க முடியும். மருத்துவர் எழுதிய அளவு அதற்கு ஒத்துவந்தால் நான் மாத்திரையைத்தான் விரும்புவேன். ஒத்துவராவிட்டால் சிரப்பும் சிரிஞ்சும்.

எதைக் கொடுத்தாலும் பால் பாட்டிலில் மொத்தமாகக் கலக்காதீர்கள். குழந்தை பாதியில் நிறுத்தினால் எவ்வளவு மருந்து போனது என்றே தெரியாது. ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளையில் இரட்டிப்பாகக் கொடுக்கவும் கூடாது. அமாக்ஸிசிலின் கொடுத்து 30 நிமிடத்துக்குள் வாந்தி எடுத்தால் அதே அளவைத் திரும்பக் கொடுக்கலாம்; அதற்குப் பிறகு என்றால் அடுத்த வேளை வரை காத்திருக்கலாம். மற்ற மருந்துகளுக்கு என்ன செய்வது என்பதைச் சீட்டு வாங்கும்போதே மருத்துவரிடம் கேட்டு, பாட்டில் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.