கடலோர அடுக்ககத்தில் கான்கிரீட் ரிப்பேர்: மூன்று முறை, நீண்ட நாள் அனுபவம்

திருவான்மியூரில் கடற்கரைக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது எங்கள் அடுக்ககம். தரைத்தளமும் மேலே மூன்று மாடிகளும். 1990-களின் நடுவில் கட்டியது. 2014-இல் சங்கத்தின் கட்டடப் பராமரிப்புப் பொறுப்பு என் தலையில் விழுந்தது, இன்னும் இறங்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் பால்கனி, சன்ஷேடு, படிக்கட்டு சீலிங் என்று கான்கிரீட் பெயர்ந்த இடங்களை மூன்று விதமாகச் சரிசெய்து பார்த்துவிட்டோம். மூன்றும் ஒரே கட்டடத்தில் ஒரே உப்புக்காற்றை வாங்கிக்கொண்டு நிற்பதால், எது தாங்குகிறது, எது தாங்கவில்லை என்பதை விளம்பரத்தை நம்பாமலே பார்த்துத் தெரிந்துகொள்ள முடிகிறது.

முதல் விதம் எல்லாருக்கும் தெரிந்த மேஸ்திரி வழி. உப்பியதைத் தட்டிக் கொட்டு, கம்பியை வயர் பிரஷ்ஷால் தேய், சிமென்ட் பால் அடி, ஒன்றுக்கு மூன்று கலவையில் பூசு, பெயின்ட் அடி. இரண்டு நாளில் முடியும், செலவும் குறைவு. "பூசிட்டா தெரியாது சார்" என்பார் மேஸ்திரி. உண்மைதான், தெரியவில்லை. 2015 டிசம்பர் மழை முடிந்ததும் பார்த்தால், பல இடங்களில் அவர் பூசியது அப்படியே இருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி, முன்பு நன்றாக இருந்த இடத்தில் கம்பி போகிற திசையிலேயே புது விரிசல். பொதுக்குழுவில் மேஸ்திரிக்கு நல்ல அர்ச்சனை.

அதில் அவர் தப்பு பாதிதான் என்பது பிறகு புரிந்தது. உப்பு ஏறிய கான்கிரீட்டில் துருப்பிடிக்கிற இடம் ஒரு பேட்டரியின் ஒரு முனை மாதிரி வேலை செய்கிறது. தான் கரைந்துகொண்டே பக்கத்துக் கம்பியைக் காப்பாற்றுகிறது. அந்த இடத்தை மட்டும் சுத்தம் செய்து புதுக் கலவை வைத்தால் அங்கே துரு நின்றுவிடும். அதுவரை காப்பாற்றப்பட்டு வந்த பக்கத்துக் கம்பி, பழைய உப்புக் கான்கிரீட்டுக்குள்ளேயே இருப்பதால், அடுத்து துருப்பிடிக்கத் தொடங்கும். துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைக்கும். கான்கிரீட் வெடிக்காமல் என்ன செய்யும்?

இரண்டாவது விதம், 2016 வர்தா புயலுக்கு அப்புறம். இந்த முறை சாரம் கட்டி, பாலிமர் கலந்த ரெடிமேட் மார்ட்டார், கம்பிக்கு ஜிங்க் பிரைமர், ஒட்டுவதற்கு பாண்டிங் கோட் என்று ஒரு ஒப்பந்தக்காரரிடம் மொத்தமாகப் பேசிக் கொடுத்தோம். வாரன்டிக் காகிதமும் தந்தார்கள். நாலைந்து வருடத்தில் தெற்குப் பக்கப் பால்கனிகளில் பாதி மறுபடி உப்பின. மீதிப் பாதி இன்றைக்கும் கல்லாட்டம் நிற்கிறது. அதே மூட்டை, அதே ஆட்கள், அதே வாரம்.

வேலை நடந்தபோது எடுத்த போட்டோக்களைத் தேடிப் பார்த்ததில் விஷயம் பிடிபட்டது. நிற்கிற இடங்களில் கம்பிக்குப் பின்னாலும் கொத்தியிருந்தார்கள். விரலை விட்டால் கம்பியைச் சுற்றி வரலாம், அவ்வளவு இடைவெளி. விழுந்த இடங்களில் கம்பியின் முன்பக்கம் தெரிந்ததும் நிறுத்திவிட்டார்கள். பின்பக்கத் துரு அப்படியே. பழைய உப்பும் அப்படியே. அதன் மேல் எவ்வளவு விலையுள்ள மார்ட்டாரைப் பூசினாலும் பயனில்லை.

ஆட்களைச் சோம்பேறிகள் என்று திட்டுவது சுலபம். என்னைக் கேட்டால் கோளாறு ஒப்பந்தத்தில்தான். மொத்தத் தொகை பேசிவிட்டால், கொத்துகிற ஒவ்வொரு அங்குலமும் ஒப்பந்தக்காரருக்கு நஷ்டம். குறைவாகக் கொத்தத்தான் செய்வார். இப்போது சதுர அடிக்கு ரேட் பேசி, கொத்தி முடித்த பிறகு அளந்துதான் பணம் தருகிறோம். மூடுவதற்கு முன்னால் டேப்பை வைத்து எடுத்த போட்டோ இல்லாத இடத்துக்குப் பில் கிடையாது. கம்பி விட்டத்தில் கால்வாசிக்கு மேல் கரைந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்ப்பது தனி ரேட். பொருளை மாற்றியதை விட இந்த ஒரு மாற்றத்தால் கிடைத்த லாபம் அதிகம் என்பது என் கணக்கு.

மூன்றாவது விதம் 2021-இல். இந்தத் தடவை மருந்துக்கு முன்னால் டெஸ்ட். வந்த பொறியாளர் முதலில் சுத்தியலோடு பால்கனி பால்கனியாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல கான்கிரீட் 'டங்'கென்று பதில் சொல்லும், உள்ளே பிரிந்தது 'பொத்'தென்று. பொத் சொன்ன இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டமிட்டார். கண்ணுக்குத் தெரிந்த பழுதை விட வட்டங்கள் நிறைய.

அப்புறம் ஃபீனால்ஃப்தலீன். புதிதாக உடைத்த பரப்பில் தெளித்தால், காரத்தன்மை உள்ள கான்கிரீட் பளிச்சென்று ரோஸ் நிறமாகும். காற்றிலுள்ள கரியமில வாயு ஊடுருவிக் காரம் போன பகுதி நிறம் மாறாது. படிக்கட்டு சீலிங்கில் கம்பி வரைக்கும் நிறமே வரவில்லை. சரி, அங்கே காரம் போனதால் துரு. கடலைப் பார்த்த பால்கனியில் மேலே சில மில்லிமீட்டர் தவிர மற்றதெல்லாம் ரோஸ், அந்த ரோஸுக்கு நடுவில் செதில் செதிலாக உரியும் கம்பி. காரம் இருந்தும் துரு என்றால் சந்தேகம் உப்பின் மேல்தான். தூள் எடுத்து லேபுக்கு அனுப்பியதில் உப்பு உறுதியானது. ஒரே கட்டடத்தில் இரண்டு நோய். அதுவரை இரண்டுக்கும் ஒரே மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அடுத்து ஹாஃப் செல் சோதனை. ஒரு ஒயரைக் கம்பியில் கட்டி, தாமிர சல்பேட் மின்முனையைக் கான்கிரீட் மேல் நகர்த்திக்கொண்டே மில்லிவோல்ட் படிப்பது. மைனஸ் 350-ஐயும் தாண்டிக் கீழே போனால் அங்கே துரு நடக்க 90 சதவீத வாய்ப்பு என்பது வழக்கமான அளவுகோல். விரிசலே விழாத இடங்களிலும் அப்படி வந்தது. அங்கெல்லாம் முன்கூட்டியே கொத்தினோம். உப்பு உள்ள பால்கனிகளில் ஒட்டு வேலையின் ஓரங்களில் கம்பியோடு சேர்த்துச் சின்னச் சின்ன ஜிங்க் ஆனோடுகள் கட்டினோம். கம்பிக்குப் பதில் அது கரையும். விலை உறுத்தத்தான் செய்தது. 2023 மிக்ஜாம் மழையும் அதற்கடுத்த பருவமழையும் போன பிறகு தட்டிப் பார்த்ததில், ஆனோடு வைத்த இடங்களைச் சுற்றி ஒரு பொத் கூட இல்லை. அது கரைந்து தீர எத்தனை வருடம் ஆகும் என்பது வேறு கேள்வி. படிக்கட்டுப் பக்கம் ஆனோடு வைக்கவில்லை. நன்றாகக் கொத்தி, பாலிமர் மார்ட்டார் வைத்து, மேலே கரியமில வாயுவைத் தடுக்கும் பெயின்ட் அடித்ததே போதுமாக இருக்கிறது.

நம் வயதுக் கட்டடங்களுக்கு ஏன் இந்தக் கதி என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-இன் 1978-ஆம் ஆண்டுப் பதிப்புப்படி சிலாபில் கம்பிக்குக் கீழே 15 மி.மீ. கான்கிரீட் மூடியிருந்தால் போதும். 2000-இல் திருத்திய விதி கடலோரச் சூழலுக்கு 45 மி.மீ. கேட்கிறது. எங்கள் பால்கனியில் இந்த மூடியின் கனத்தைக் காட்டும் கவர் மீட்டர் வைத்தபோது அந்த 15 கூடப் பல இடங்களில் தேறவில்லை. காரம் போகிற ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டிக் கூடும். அதாவது மூடி பாதியானால் ஆயுள் கால்வாசிதான்.

செலவே இல்லாமல் கிடைத்த பலன் ஒன்று உண்டு. மோசமாகப் பெயர்ந்த சன்ஷேடுகள் பலவற்றின் மேல் ஏசியின் அவுட்டோர் யூனிட், அதிலிருந்து நாள் முழுக்கச் சொட்டும் தண்ணீர். பூந்தொட்டி வைத்த சன்ஷேடுகளும் அப்படித்தான். இரண்டாம் மாடி மாமிக்குத் தொட்டிகளை எடுக்கச் சொன்னதில் இன்னும் என் மேல் வருத்தம். ஏசித் தண்ணீரைக் குழாய் போட்டுக் கீழே இறக்கிய பிறகு அந்தப் பக்கம் புதுப் பழுது அநேகமாக நின்றுவிட்டது. மொட்டை மாடியில் பழைய சுருக்கியும் (சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த தளம்) தட்டோடும் வாட்டத்தோடு நன்றாக இருப்பதால் கை வைக்கவில்லை. அதை உடைத்துவிட்டு வெறும் அக்ரிலிக் கோட்டிங் அடிக்கலாம் என்று வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடலாம். தண்ணீர்த் தொட்டி அறையின் மேல் அடித்த அந்தக் கோட்டிங் சில கோடையிலேயே மாவாக உதிர்ந்துவிட்டது.

2022 அடுக்கக உரிமைச் சட்டம் வந்ததிலிருந்து, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம் என்ற பேச்சு எங்கள் தெருவிலும் ஓடுகிறது. எங்கள் தூண்களில், ஒலி அலையை உள்ளே செலுத்திக் கான்கிரீட்டின் தரம் பார்க்கும் அல்ட்ராசானிக் சோதனை நல்ல எண்களையே தந்திருக்கிறது, அதனால் எனக்கு அவசரம் தெரியவில்லை. இடிக்கச் சொல்கிறவர்கள் முதலில் அந்த அறிக்கையைப் படிக்கட்டும், கோப்பு சங்க அறையில்தான் இருக்கிறது. இப்போதைக்குக் கிழக்குப் பக்கச் சன்ஷேடுகளும் சம்ப்புக்குப் பக்கத்துத் தூணின் அடிப்பகுதியும் பாக்கி. மழை முடிந்து கான்கிரீட் ஓரளவு காய்ந்ததும், தை மாதத்தில் சாரம் கட்டுகிறோம்.