ஈறில் முளைத்த சிவப்புச் சதை: பிள்ளை பிறக்கும்வரை பொறுப்பதா, இப்போதே எடுப்பதா?

எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். காலையில் பல் துலக்கித் துப்பினால் வாஷ்பேசின் எல்லாம் சிவப்பு. ஈறு வீக்கம்தான் என்று விட்டுவிட்டேன். ஒரு வாரம் போனதும், மேல் வரிசை முன்பற்களுக்கு நடுவில் நாக்கு எதையோ தொட்டது. வளவில் வெயில் விழும் இடத்தில் என்னை நிறுத்தி, செல்போன் டார்ச்சையும் அடித்துப் பார்த்தாள் தங்கச்சி. "ஆச்சி, பல்லுக்கு நடுவுல மாதுளை முத்து மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு" என்றாள் (எங்கள் பக்கம் அக்காவை ஆச்சி என்போம்). வீட்டில் அந்த வாரம் மாதுளையே வாங்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து அதே தங்கச்சிக்கு ஏழாம் மாதத்தில் ஆள்காட்டி விரல் நுனியில் அதே சிவப்பு, அதே ரத்தம். நான் எடுக்காமல் பொறுத்தேன். அவள் எடுத்துவிட்டாள். இரண்டுமே சரியான முடிவு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். எது யாருக்குப் பொருந்தும் என்பதை அன்று எங்களுக்குப் பொறுமையாகச் சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும், பாதி பயம் அதிலிருந்துதான் வருகிறது. பல் டாக்டர் சீட்டில் 'பிரெக்னன்ஸி டியூமர்', அதாவது கர்ப்பக் கட்டி, என்று எழுதியிருந்தார். டியூமர் என்ற சொல்லைப் பார்த்த அப்பச்சி அன்று இரவு சாப்பிடவில்லை. இது புற்றுநோய் இல்லை, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. நுண்ணிய ரத்தக்குழாய்கள் கொத்தாக வளர்ந்த சதை, அவ்வளவுதான். இன்னொரு பெயர் பையோஜெனிக் கிரானுலோமா. 1897இல் பிரான்சில் போன்சே, தோர் என்ற இரண்டு மருத்துவர்கள் இதைப் பூஞ்சையால் வருவது என்று எழுதினார்கள். 1904இல் ஹார்ட்செல் என்பவர் சீழ்க்கிருமியால் வருவதாக நினைத்து, சீழ் உண்டாக்குவது என்ற பொருளில் இந்தப் பெயரை வைத்தார். இரண்டு பேர் கணிப்பும் தப்பு. இதற்குள் சீழே கிடையாது. ஆனால் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அந்தப் பெயரை நம்பித்தானோ என்னவோ, மருந்துக்கடையில் எனக்கு ஐந்து நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். சீழ் இல்லாத இடத்தில் ஆன்டிபயாடிக் என்ன செய்யும்? கர்ப்பத்தில் கடையில் கேட்டு மாத்திரை போடவே கூடாது. டெட்ராசைக்ளின் வகை மாத்திரை பிள்ளையின் பல் நிறத்தையே கெடுத்துவிடும்.

ஏன் வருகிறது? கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் ஏற ஏற, ஈறில் ரத்த ஓட்டம் கூடும், ரத்தக்குழாய்கள் பெருகும். பல்லிடுக்கில் படிந்த அழுக்கோ காறையோ அந்த ஈறை உறுத்திக்கொண்டே இருந்தால், உடம்பு அளவுக்கு மீறிப் பதில் சொல்கிறது. ஈறு சிவந்து ரத்தம் கசிவது 100 கர்ப்பிணிகளில் 60 முதல் 75 பேருக்கு உண்டு. சதையாகவே வளர்வது அதிகபட்சம் 5 பேருக்குத்தான். நான்காம் மாதத்துக்குப் பிறகு வருவதே வழக்கம்.

இனி வழிகளைப் பார்ப்போம். எங்கள் வீட்டில் முதலில் வந்த யோசனை நூல். "மருவுக்குக் கட்டுற மாதிரி நூலால இறுக்கிக் கட்டு, தானா உதிரும்" என்றார் ஆயா, என் பாட்டி. தங்கச்சி விரலுக்குச் சுண்ணாம்பு வைக்கச் சொன்னவர்களும் உண்டு. ஆயா மீது எனக்கு அளவில்லாத பாசம், ஆனாலும் இதில் நான் இணங்கவில்லை. மரு வேறு, இது வேறு. இது முழுக்க ரத்தக்குழாய். நூல் பாதி அறுத்து விட்டால் ரத்தம் நிற்காது, உள்ளே இருக்கும் வேரும் போகாது. சுண்ணாம்பு பக்கத்துத் தோலையும் சேர்த்துப் பொசுக்கிவிடும். ஆயா சொன்னதில் ஒன்றை மட்டும் நாள் தவறாமல் செய்தேன்: வெதுவெதுப்பான உப்புத்தண்ணீர் கொப்பளிப்பது.

அடுத்தது, நான் தேர்ந்தெடுத்த வழி: சுத்தம் செய்துவிட்டுப் பொறுத்திருப்பது. இதில் 'சுத்தம்' என்பதுதான் உயிர்நாடி. வெறுமனே பொறுத்தால் வளர்ந்துகொண்டே போகும். "மாசமா இருக்கையில பல்லுல கை வைக்கக் கூடாது" என்பது எங்கள் ஊர்ப்பக்கம் எல்லா வீட்டிலும் கேட்கிற பேச்சு. அது உண்மையில்லை. ஸ்கேலிங், அதாவது பல்லில் படிந்த காறையைச் சுரண்டி எடுப்பது, கர்ப்பத்தில் பாதுகாப்பானது. நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் முடிய அதற்கு வசதியான காலம். ஸ்கேலிங் முடிந்தபின் மிருதுவான பிரஷ்ஷால் இரண்டு வேளையும் துலக்கினேன். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தை மட்டும் துலக்காமல் விட்டதுதான் நான் முதலில் செய்த தவறு. அழுக்கு அங்கேதான் சேர்ந்தது.

இந்த வழியின் நல்ல பக்கம்: கத்தி இல்லை, பிள்ளை பிறந்து ஹார்மோன் இறங்கியதும் சதையும் வற்றிப்போக நல்ல வாய்ப்பு. அதற்குச் சில வாரமோ சில மாதமோ ஆகும். கஷ்டமான பக்கத்தையும் மறைக்க மாட்டேன். தலையணை உறையில் ரத்தத் திட்டு. வளைகாப்புக்குச் சுட்ட தேன்குழலையும் சீப்புச் சீடையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடித்தால் முனை குத்தி ரத்தம் கொட்டும். மூன்று மாதம் குழைந்த சோறும் இட்லியும்தான். எல்லாருக்கும் முழுதாக வற்றிவிடும் என்றும் சொல்ல முடியாது. சிலருக்கு வெளிறிய, கெட்டியான ஒரு முளை மிஞ்சும். அதைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

கத்தியால் எடுப்பதைப் பற்றி. மரத்துப்போகும் ஊசி போட்டு, எலும்பை ஒட்டிய சவ்வு வரை சதையை அடியோடு எடுத்து, பக்கத்துப் பல்லின் காறையையும் சுரண்டிவிடுவார்கள். பல் ஊசியில் இருக்கும் லிக்னோகெயின் மருந்தைக் கர்ப்பிணிக்கு வழக்கமாகவே போடுகிறார்கள், அதற்காகப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது வேறு: ஹார்மோன் இறங்காமலே எடுத்தால் அதே இடத்தில் மறுபடி முளைக்கலாம். அதனால்தான் ஈறில் வந்ததை, தொல்லை பொறுக்கும்படி இருந்தால், பிரசவத்துக்குப் பிறகு தள்ளிவைக்கச் சொல்கிறார்கள். சாப்பிடவே முடியவில்லை, கடிக்கும்போது பல் அதன் மேலேயே ஏறுகிறது, ரத்தம் அடிக்கடி போகிறது என்றால் தள்ளிப்போடாமல் எடுத்துவிட வேண்டியதுதான்.

இங்கே என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். முடிவெடுக்க வேண்டியது சதையின் அளவை வைத்தோ அசிங்கத்தை வைத்தோ இல்லை, உடம்பில் இருக்கும் ரத்த அளவை, அதாவது ஹீமோகுளோபினை வைத்து. கர்ப்பத்தில் ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் ரத்தசோகை. நம் பெண்களில் பலர் கர்ப்பத்துக்குள் நுழையும்போதே குறைவாகத்தான் இருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை வாந்தி வருகிறது என்று பரணில் போட்டுவைத்த வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். பிரசவத்தில் போகப்போகும் ரத்தம் வேறு இருக்கிறது. அப்படிப்பட்டவர் வாயிலிருந்து தினமும் ரத்தம் போவதைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது. எனக்கு அளவு நன்றாக இருந்தது, அந்தத் தைரியத்தில்தான் பொறுத்தேன்.

லேசர் என்றால் ஒரு மயக்கம் இருக்கிறது, போர்டில் எழுதியிருந்தாலே கூட்டம் சேருகிறது. வெட்டும்போதே ரத்தக்குழாயை அடைப்பதால் ரத்தம் குறைவு, பெரும்பாலும் தையல் வேண்டாம். கர்ப்பிணிக்கு அது நிஜமான லாபம். ஆனால் திரும்ப முளைப்பதை லேசரும் தடுக்காது, செலவும் கூடுதல். கத்தியோ லேசரோ, எடுத்த சதையைப் பயாப்சிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். லேசரில் ஓரம் கருகுவதால் சோதனைக்குக் கொஞ்சம் சிரமம் வரும், ஆனாலும் அனுப்ப வேண்டும். எந்த வழியானாலும் கடைசி மூன்று மாதத்தில் மல்லாக்கப் படுக்காதீர்கள். கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தி மயக்கம் வரும். வலது இடுப்புக்கு அடியில் ஒரு தலையணை வைத்து இடப்பக்கம் சாய்ந்துகொள்ளலாம்.

விரல் கதை வேறு. தங்கச்சிக்கு அரிவாள்மனையில் பட்ட சின்னக் கீறலுக்குப் பிறகு வந்தது. பாத்திரம் தேய்த்தால் ரத்தம், சேலை கொசுவம் வைத்தால் ரத்தம். பிறக்கப்போகும் பிள்ளையைத் தூக்கும் கை அது. ஈறு போல வாய்க்குள் ஒதுங்கி இருக்கும் இடமும் இல்லை. தோல் டாக்டர் ஊசி போட்டு, சுரண்டி எடுத்து, அடியைச் சூடு வைத்து மூடினார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தோலில் வந்ததற்குத் திரவ நைட்ரஜனால் உறைய வைப்பதும் உண்டு. சமையல் உப்பை வைத்துக் கட்டுவதையும் நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் முயன்று பலன் கண்டிருக்கிறார்கள். அதை வீட்டில் நாமாகச் செய்யாமல், இது இன்னதுதான் என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு கேட்கலாம். இதன் மேல் போடக் கொடுக்கும் டிமோலால் என்ற கண் சொட்டு மருந்தைக் கர்ப்பத்தில் டாக்டர் சொல்லாமல் தொடவே வேண்டாம்.

முகத்திலும் கழுத்திலும் சிலந்திக்கால் போல வரும் சிவப்புக் கோடுகளும், உள்ளங்கைச் சிவப்பும் இதே ஹார்மோன் வேலை. மாநிறத்தில் அதிகம் தெரியாது, வலிக்காது. பிரசவமானபின் பெரும்பாலும் மங்கிவிடும்.

பொறுக்கவே கூடாத நேரமும் உண்டு. கெட்டியாகி நடுவில் புண்ணாவது, பக்கத்துப் பல் ஆடுவது, உதடு மரத்துப்போவது, கருப்பு நிறம் கலப்பது, பிரசவத்துக்குப் பிறகும் வளர்வது: இதில் எது இருந்தாலும் உடனே காட்ட வேண்டும். வெற்றிலையோடு புகையிலை போடும் வாய் என்றால் முதல் நாளே. நம் பக்கத்துக்குக் காரைக்குடி அரசு மருத்துவமனை இருக்கிறது, சிவகங்கையில் அரசு மருத்துவக் கல்லூரி, புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கின்றன. திடீரென்று ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியைச் சுருட்டி, எடுத்து எடுத்துப் பார்க்காமல் 10 நிமிடம் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

மகன் பிறந்து மூன்றாம் மாதம் பல் டாக்டரிடம் போனேன். எடுக்க அங்கே எதுவும் இல்லை. இப்போது இரண்டாவது, நாலாம் மாதம். மறுபடி வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். போன வாரமே ஸ்கேலிங் செய்துகொண்டு வந்துவிட்டேன். தினமும் ராத்திரி தங்கச்சி டார்ச் அடித்து ஈறைப் பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போகிறாள்.