10 ரூபாய் ஹில்லி அக்வாவும் 13 ரூபாய் உத்தரவும்

கம்பத்திலிருந்து தொடுபுழா சந்தைக்கு வாரம் இரண்டு நடை காய்கறி லோடு அடிக்கிறேன். கம்பம்மெட்டு ஏறி, கட்டப்பனை, இடுக்கி, குளமாவு என்று போய் இறங்க வேண்டும். வெயில் நாளில் வண்டிக்குள் நாலு லிட்டர் தண்ணீர் குடித்துவிடுவேன். கடையில் லிட்டர் 20 ரூபாய் என்றால் போகவர ஒரு சாப்பாட்டுக் காசு தண்ணீருக்கே போய்விடும். அதனால்தான் கேரள அரசு விற்கும் ஹில்லி அக்வா பாட்டில் தண்ணீர் பற்றி எழுத நினைத்தேன்.

முதலில் தண்ணீர். சுத்தமாக இருக்கிறது, வேறு சில பாட்டில்களில் குடித்த பிறகு நாக்கில் நிற்கும் கசப்பு இதில் இல்லை. தொடுபுழாவுக்குப் பக்கத்தில் மலங்கரை அணை ஓரத்தில் நிரப்புகிறார்கள். திருவனந்தபுரம் அருவிக்கரையிலும் ஒரு ஆலை உண்டு. இடுக்கி அணையிலிருந்து மூலமற்றம் பவர்ஹவுசுக்கு வந்து, மின்சாரம் எடுத்த பிறகு வெளியேறும் தண்ணீர்தான் மலங்கரைக்கு வருகிறது. முல்லைப் பெரியாறு நிறைந்து வழிந்தால் அந்தத் தண்ணீரும் இடுக்கிக்குத்தான் போகும். தேக்கடியிலிருந்து லோயர் கேம்ப் வழியாக எங்கள் வயலுக்கு வருவதும் அதே பெரியாறு. பாட்டிலைத் திறக்கும்போது இது எனக்கு ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

ரேஷன் கடையில் லிட்டர் 10 ரூபாய். அட்டை கேட்கவில்லை, காசைக் கொடுத்தால் பாட்டில் தருகிறார்கள். சிக்கல் வெளிக்கடைகளில்தான். வழியில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையில் கேட்டேன். "அண்ணா, அதில் எனக்கு என்ன நிற்கும்? மற்றதில் பாட்டிலுக்கு ஏழெட்டு ரூபாய் கிடைக்கும்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அவரும் வாடகை கொடுக்க வேண்டும். ஆனால் 20 ரூபாய் பாட்டிலில் தண்ணீருக்கு எவ்வளவு, கைமாற்றி விற்கிறவர்களுக்கு எவ்வளவு என்று அவர் வாயாலேயே தெரிந்துகொண்டேன்.

இந்த விலையைக் குறைக்கக் கேரள அரசு முயலாமல் இல்லை. 2020 மார்ச்சில் பாட்டில் தண்ணீரை அத்தியாவசியப் பொருளாக அறிவித்து, லிட்டருக்கு 13 ரூபாய்தான் என்று உத்தரவே போட்டார்கள். அந்த நாட்களில் ஒரு கடையில் 13 ரூபாய்க்கு வாங்கிக் குடித்திருக்கிறேன். அடுத்த கடையில் பாட்டிலைத் திருப்பி அச்சிட்ட விலையைக் காட்டி 20 வாங்கினார்கள். தயாரிப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். பாக்கெட் பொருளின் விலை விஷயம் மத்திய அரசின் அதிகாரம் என்பது அவர்கள் வாதம். 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை கொடுத்தது. அப்புறம் எல்லாக் கடையிலும் பழையபடி 20 ரூபாய்தான். நீதிமன்றத்தில் நிற்குமா என்று பார்த்துப் போட்டிருக்க வேண்டிய உத்தரவு அது. அறிவித்த அன்று கிடைத்த கைதட்டல் அரசுக்குப் போனது, எங்களுக்கு ஒன்றும் மிச்சமில்லை.

இதைவிட எனக்கு வருத்தமானது குழாய்த் தண்ணீர். 2023 பிப்ரவரியில், பட்ஜெட்டில் பெட்ரோல், டீசலுக்கு லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் என்ற கூடுதல் வரி அறிவித்த அதே சமயத்தில், குடிநீர்க் கட்டணத்தையும் ஏற்றினார்கள். "லிட்டருக்கு ஒரு பைசா" என்று சொன்னார்கள். கேட்டால் ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். நான் காய் இறக்கும் கமிஷன் கடைச் சேட்டன் தன் வீட்டு பில்லை எடுத்துக் காட்டினார். 5,000 லிட்டர் வரைக்குமான குறைந்தபட்சக் கட்டணம் 22 ரூபாய் 5 காசாக இருந்தது 72 ரூபாய் 5 காசாகியிருந்தது. மூன்று மடங்குக்கும் மேல். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்களுக்கு மாதம் 15,000 லிட்டர் வரை இலவசம் என்பதையும் சொல்ல வேண்டும், அது நல்ல காரியம். நடுவில் இருப்பவர்களிடம் பைசாக் கணக்குச் சொல்லி ஏற்றியதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஆயிரம் லிட்டருக்குப் பத்து ரூபாய் என்று நேராகச் சொல்லியிருக்கலாம். குழாயும் ஹில்லி அக்வாவும் ஒரே நீர்வளத் துறையின் கீழ்தான் வருகின்றன.

நம் ஊரிலும் 2013 செப்டம்பரில் அம்மா குடிநீர் வந்தது. கும்மிடிப்பூண்டியில் நிரப்பி, பேருந்து நிலையங்களில் அதே 10 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். மதுரை போகும்போதெல்லாம் மாட்டுத்தாவணியில் வாங்குவேன். பாட்டிலில் முதல்வர் படம் இருந்தது, தண்ணீரும் நன்றாகவே இருந்தது. பிறகு அது நின்றுபோனது. ஹில்லி அக்வாவில் தலைவர் படம் கிடையாது. ஆட்சி மாறினாலும் இது நின்றுபோகாமல் தொடர அதுவே ஒரு காரணமாகும் என்று நம்புகிறேன்.

தண்ணீருக்கும் விலைக்கும் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன், கிடைப்பதற்கு இரண்டுதான். விலைக்கு உச்சவரம்பு போடுவதைவிட, இந்தப் பாட்டிலை மலைப்பாதைக் கடைகள் எல்லாவற்றிலும் கடைக்காரருக்குக் கட்டுப்படியாகிற மாதிரி இறக்கினால் 20 ரூபாய் தானாகக் குறையும். இப்போதைக்கு ரேஷன் கடை திறந்திருக்கிற நேரமாகப் பார்த்துத் திரும்புகிறேன். ஆறு பாட்டில் வாங்கி சீட்டுக்குப் பின்னால் போட்டுக்கொள்வேன், லோடு இறக்குகிற இரண்டு பேருக்கும் ஒவ்வொன்று.