தனிப் பாதையா, ஸ்பீடு பிரேக்கரா?

சைக்கிளுக்குத் தனிப் பாதை போடுவதா, மற்ற வண்டிகளின் வேகத்தைக் குறைப்பதா? வடசென்னையில் ஒரே பதில் எல்லாத் தெருவுக்கும் பொருந்தாது.

எண்ணூர் விரைவுச் சாலையில் தனிப் பாதைதான் சரி. துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரிகள் போகும் சாலை அது. இடப்பக்கம் ஒட்டி வரும் சைக்கிள் லாரி டிரைவர் கண்ணில் படுவதே கஷ்டம். லாரி மெதுவாகத் திரும்பினாலும் பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதனால் தடுப்புக்கல் வைத்த பாதை வேண்டும். பெயின்ட் கோடு மட்டும் என்றால் மறுநாளே அது பார்க்கிங்.

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை உள்தெருக்களில் தனிப் பாதைக்கு இடம் ஏது? தண்ணீர் கேன் போடுகிறவர், அரசு கொடுத்த சைக்கிளில் போகும் பிளஸ் ஒன் பிள்ளைகள், இவர்களுக்கு வேண்டியது 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத வண்டிகள். ஸ்பீடு பிரேக்கர் மலிவு, சீக்கிரம் முடியும். ஆனால் ஒழுங்காகப் போட வேண்டுமே! சாலைகளுக்குத் தரவிதி வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் அமைப்பின் கணக்குப்படி 10 செ.மீ. உயரத்துக்கு, வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், 25 கி.மீ. வேகத்தில் குலுங்காமல் ஏறி இறங்கலாம். நம் தெருக்களில் பல, கான்கிரீட்டைக் குவித்த குட்டிச்சுவர்கள். பைக்காரர் ஓரத்து இடைவெளியில் நுழைந்து பறந்துவிடுகிறார், கேன் கட்டிய சைக்கிள்காரர்தான் இறங்கித் தள்ளுகிறார்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், மெட்ரோ தூண்களுக்கு இரண்டு பக்கமும், கடை வாசல் பார்க்கிங்கை எடுக்காமல் இரண்டுமே வேலைக்காகாது.

இருக்கிற காசு ஒன்றுக்குத்தான் என்றால், என் ஓட்டு உள்தெருக்களுக்கு, அதுவும் பள்ளிக்கூட வாசல்களுக்கு முதலில்.