அப்டேட்டில் படுத்துவிட்ட அசெம்பிள்டு கணினி: எந்த வழி உருப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. மழையோடு மின்தடையும் வரும். விண்டோஸ் அப்டேட் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனால், திரும்ப வந்ததும் கறுப்புத் திரைதான் மிஞ்சலாம். பிராண்டட் லேப்டாப்பில் நிறுவனமே மீட்புக்கு ஒரு பகுதியை வைத்துக் கொடுப்பது வழக்கம். பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கணினியில் அந்த வசதி இல்லை. கடைக்குத் தூக்கிப் போனால் பெரும்பாலும் ‘ஃபார்மட் செய்துவிடலாம்’ என்பார்கள். அதற்குச் சம்மதிக்கும் முன் மற்ற வழிகளைப் பார்த்துவிடுங்கள்.

முதலில் அப்டேட்டை நீக்கிப் பாருங்கள். கணினி தொடங்குவது அடுத்தடுத்துத் தடைபட்டால் விண்டோஸ் தானாகவே மீட்புத் திரையைக் காட்டும். அதில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ பகுதியில் ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ இருக்கும். கோப்பு, மென்பொருள் எதற்கும் பொதுவாகச் சேதமில்லை. பெரிய பதிப்பு மாற்றம் என்றால் பொதுவாகப் பத்து நாளுக்குள் செய்துவிட வேண்டும். ஒரு எச்சரிக்கை: 2025 அக்டோபர் 14 அன்று வந்த விண்டோஸ் 11 அப்டேட், இந்த மீட்புத் திரையிலேயே யூ.எஸ்.பி. கீபோர்டையும் மவுஸையும் முடக்கியது. 20ஆம் தேதிதான் திருத்தம் வந்தது. கீபோர்டு, மவுஸ் செருகும் பழைய வட்டமான பிஎஸ்/2 துளை உள்ள மதர்போர்டுக்காரர்கள் அந்த இடைவெளியில் பிழைத்துக்கொண்டார்கள். புதிய போர்டு வாங்கும்போது அந்தத் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கணினியின் அமைப்புகளை முந்தைய ஒரு நாளின் நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோரும் நல்ல வழிதான். ஆனால் முன்கூட்டியே இயக்கி வைத்திருந்தால்தான் உதவும். பல கணினிகளில் அது அணைந்தே கிடக்கிறது.

எனக்குச் சண்டை, விண்டோஸையே மறுபடி நிறுவும் ‘ரீசெட்’டோடுதான். ‘கீப் மை ஃபைல்ஸ்’ என்ற பெயரே ஆளை ஏமாற்றுகிறது. படங்களும் ஆவணங்களும் இருக்கும், நிறுவிய மென்பொருள்கள் போய்விடும். மார்த்தாண்டத்தில் கல்யாண அழைப்பிதழ் அடிக்கும் ஒரு டி.டி.பி. கடையை நினைத்துப் பாருங்கள். பல ஆண்டுகளாகச் சேர்த்த பழைய தமிழ் எழுத்துருக்கள், பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள், பிரிண்டர் அமைப்புகள் எல்லாவற்றையும் மறுபடி உட்கார்ந்து ஏற்ற வேண்டும். எழுத்துரு இல்லாமல் திறந்தால் பழைய அழைப்பிதழ் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். முகூர்த்த மாதத்தில் அந்தக் கடைக்காரர் என்ன பாடுபடுவார்!

அப்டேட்டை நீக்கியும் சரியாகவில்லை என்றால், என் தேர்வு புதிய எஸ்.எஸ்.டி. டிஸ்க். அசெம்பிள்டு கணினியின் பெரிய பலமே கேபினெட்டைத் திறந்து இன்னொரு டிஸ்க்கைப் பூட்ட முடிவதுதான். பழையதைக் கழற்றி ஓரமாக வையுங்கள். வேறொரு கணினியில் 8 ஜி.பி. பென் டிரைவில் விண்டோஸ் நிறுவியைத் தயாரித்து, புதிய டிஸ்க்கில் சுத்தமாக நிறுவுங்கள். எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவுக்கான விசை போர்டுக்குப் போர்டு மாறும்: ஏசஸ் என்றால் பொதுவாக எஃப்8, ஜிகாபைட் எஃப்12, எம்எஸ்ஐ எஃப்11. விண்டோஸின் டிஜிட்டல் உரிமம் முக்கியமாக மதர்போர்டைச் சார்ந்தது என்பதால் டிஸ்க் மாறினாலும் சிக்கல் வருவதில்லை. பிறகு பழைய டிஸ்க்கைத் துணையாகப் பூட்டி, எழுத்துரு உட்பட வேண்டியதை நிதானமாக நகலெடுக்கலாம். ரீசெட் செய்தபின் இந்த நிதானத்துக்கு இடமில்லை.

புதிய டிஸ்க்குக்கு இப்போது கையில் பணமில்லையா? லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டி, கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டுப் பிறகு ரீசெட் செய்யுங்கள். இந்த இரண்டு வழிக்கும் ஒரே தடை, டிஸ்க்கில் உள்ளதைக் குறியாக்கம் செய்து பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக நிறுவிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில், கேட்காமலேயே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். 48 இலக்க மீட்பு எண் இல்லாமல் எதுவும் திறக்காது. கைப்பேசியில் அதே கணக்குக்குள் போனால் அந்த எண்ணைப் பார்க்கலாம். கணினி ஒழுங்காக ஓடும்போதே தாளில் எழுதி வையுங்கள்.

எதுவும் கைகூடாமல் நாகர்கோவில் கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றால், பழைய டிஸ்க்கை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.