மங்குக்கு லேசர்: இரண்டு வருடத்துக்கு அப்புறம்

போன வாரம் பள்ளியில் கூட வேலை பார்க்கும் டீச்சர் பாதி விலை விளம்பரம் ஒன்றைக் காட்டி, "அக்கா, லேசர் பண்ணினா மங்கு போயிடுமா?" என்று கேட்டார். நான் முழு விலை கொடுத்தவள். சிட்டிங்குக்கு 4,000 ரூபாய், பதினைந்து நாளைக்கு ஒன்றாக 8 சிட்டிங்.

போகும். அதை மறைக்க மாட்டேன். எனக்குச் செய்தது 1064 நானோமீட்டர் க்யூ-ஸ்விட்ச்டு லேசர், அதாவது கண் இமைப்பதைவிட மிகக் குறைந்த நேரத்துக்கு விட்டுவிட்டுப் பாயும் ஒளி. ரப்பர் பேண்டால் சுண்டுகிற மாதிரி வலி, சாயங்காலத்துக்குள் சிவப்பும் அடங்கிவிடும். இரண்டாவது பிரசவத்தோடு வந்து ஆறு வருடம் கன்னத்தில் உட்கார்ந்திருந்த கருமை, ஐந்தாவது சிட்டிங்கிலேயே பாதிக்கு மேல் வெளுத்தது. கண்ணாடி முன்னால் அழுதுவிட்டேன்.

அடுத்த சித்திரையில் திரும்பி வந்தது. அதே இடம், அதே வடிவம்.

லேசர் உடைப்பது ஏற்கெனவே படிந்த நிறமியைத்தான். அதைச் சுரக்கும் செல்கள் அங்கேயே இருக்கின்றன. வெயிலோ ஹார்மோனோ தூண்டினால் மறுபடி சுரக்கும். இந்த ஒரு விஷயத்தைப் பணம் வாங்கும் முன் அந்த கிளினிக்கில் யாரும் சொல்லவில்லை. நம் மாதிரி மாநிறத் தோலில் சூடு அதிகமானால் கருமை கூடலாம், வெள்ளைப் புள்ளிகளும் விழலாம் என்பதையும் சொல்லவில்லை. இன்றுவரை ஆறாத கோபம் அது.

மெஷின் மேல் குற்றமில்லை. கண்ணைச் சுற்றி நீலம் பாய்ந்த ஓட்டா மச்சத்துக்காக ஒரு பெண் அங்கே வருவார். அவருக்கு அந்த நீலம் மாதா மாதம் வெளுத்துக்கொண்டே வந்ததை நானே பார்த்தேன். அந்த மச்சம் ஒருமுறை போனால் பெரும்பாலும் திரும்புவதில்லையாம். அதற்கு லேசர்தான் வைத்தியம்.

அப்புறம் பார்த்த தோல் டாக்டர் அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறத்திலேயே இருக்கும் சன்ஸ்கிரீன் எழுதிக் கொடுத்தார். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கூட்டுமாம். சாதாரண வெள்ளை சன்ஸ்கிரீன் அதைச் சரியாகத் தடுக்காது. காலையில் ஒரு தடவை, மதிய இடைவேளையில் ஒரு தடவை, ஸ்கூட்டி எடுக்கும் முன் ஒரு தடவை. ஒரு வருடம் ஆகிறது. மங்கு லேசாகத் தெரிகிறது, ஆனால் கூடவில்லை. 32,000 ரூபாய் செய்யாததை ஒரு ட்யூப் செய்திருக்கிறது.

டீச்சரிடம் வேண்டாம் என்றே சொன்னேன். அந்த ட்யூபின் பேரை எழுதிக் கொடுத்து, மூன்று மாதம் போட்டுவிட்டு வந்து பேசச் சொல்லியிருக்கிறேன்.