30 பின் இஎஸ்பி32 போர்டு: ஐந்து மாதப் பயன்பாட்டில் கண்டது

எங்கள் தென்னந்தோப்பு மோட்டார் அறையில் இந்த போர்டு, அதாவது நாம் எழுதும் நிரலை ஓட்டும் சின்ன கம்ப்யூட்டர் பலகை, ஐந்து மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது. கோவை காந்திபுரம் பக்கம் ஒரு கடையில் 450 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். ஆனால் வாங்கியதும் மூன்று நாள் நான் பட்ட பாட்டை வேறு யாரும் பட வேண்டாம். அதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இதில் இருப்பது 2016ல் வந்த இஎஸ்பி32 சிப். 240 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இரண்டு கோர், வைஃபை, ப்ளூடூத், நிரலை வைத்துக்கொள்ள 4 எம்பி ஃப்ளாஷ் நினைவகம். பலரும் முதலில் வாங்கும் ஆர்டுயினோ ஊனோ என்ற போர்டில் ஃப்ளாஷ் 32 கேபிதான். இந்த விலைக்கு இவ்வளவு கிடைப்பது பெரிய விஷயம், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

எனக்குத் தேவைப்பட்டது சின்ன வேலை. அப்பா தண்ணீர் விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய, மரத்தைச் சுற்றியுள்ள வட்டப்பாத்தி மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்ப்பார். மேல் மண்ணின் ஈரம் கைக்குத் தெரியும், இரண்டு அடிக்குக் கீழே இருப்பது தெரியாது. அரை அடியில் ஒன்று, இரண்டு அடியில் ஒன்று என இரண்டு ஈரப்பத சென்சார் புதைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் குறித்துவைக்க வேண்டும். தோப்பில் சிக்னல் கிடையாது. அதனால் மைக்ரோ எஸ்டி கார்டில் எழுதலாம் என்று கார்டு மாட்டும் சின்ன மாட்யூல் ஒன்றையும் சேர்த்து வாங்கினேன்.

முதல் நாள் வெறும் போர்டை கம்ப்யூட்டரில் செருகி, எல்.ஈ.டி மினுக்கும் நிரலை ஏற்றினேன். நீல விளக்கு அழகாக மினுங்கியது. சென்சார்களை இணைத்தேன், அளவுகள் வந்தன. கார்டு மாட்யூலுக்கு 12, 13, 14, 15 என்ற பின்களை (ஒயர் மாட்டும் கால்களை) தேர்ந்தெடுத்தேன். முதல் மூன்றும் ஒரே வரிசையில் அடுத்தடுத்து இருப்பதால் ஒயர் இழுக்க வசதி. எல்லாம் மாட்டிவிட்டு மறுபடி செருகினால் எதுவும் ஓடவில்லை. சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது. போர்டு அனுப்பும் செய்திகளைக் கம்ப்யூட்டரில் காட்டும் சீரியல் மானிட்டரில் 'ஃப்ளாஷ் ரீட் எர்ரர், 1000' என்ற வரி, நொடிக்கு நொடி ரீசெட் ஆகித் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது.

சரி, நிரலில்தான் ஏதோ கோளாறு என்று திரும்ப அப்லோடு செய்தேன். நூறு சதவீதம் வரை போய், எழுதியதும் ஃப்ளாஷில் இருப்பதும் பொருந்தவில்லை என்று நின்றுவிட்டது. கேபிளை மாற்றினேன். டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி போட்டேன். வேறு கம்ப்யூட்டரிலும் அதே கதை. இரண்டாம் நாள் இரவு, ஃப்ளாஷ் சிப்பே போய்விட்டது என்று முடிவுகட்டி போர்டைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

மறுநாள் கடைக்குக் கொண்டுபோனேன். கவுன்டரில் இருந்த அண்ணன் ஒன்றும் பேசாமல் தன் லேப்டாப்பில் செருகி ஒரு நிரலை ஏற்றினார். ஓடியது. "போர்டு நல்லாத்தானே இருக்குதுங்க, இதுல எதை மாட்டுனீங்க?" என்றார். அந்தக் கேள்விக்காகவே அந்தக் கடைக்கு இன்னும் போகிறேன். மாற்று போர்டு ஒன்றைக் கொடுத்து அனுப்பியிருந்தால், வீட்டில் அதுவும் அப்படியேதான் நின்றிருக்கும்.

வீட்டுக்கு வந்து ஒவ்வொரு ஒயராக மாட்டி, ஒவ்வொரு முறையும் ரீசெட் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருக்கும்போது டி12 (பின் 12) ஒயரைச் செருகினால் நிரல் நிற்கவில்லை. செருகியபடியே ரீசெட் அழுத்தினால் அடுத்த நொடி செத்தது. அப்படியென்றால் சிக்கல் விழித்தெழும் அந்தக் கணத்தில் மட்டும்தான்.

அப்போதுதான் மானிட்டரில் ஓடும் வரியின் முன்பாதியைக் கவனித்துப் படித்தேன். நன்றாக ஓடும்போது பூட் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 13 என்று இருக்கிறது. நின்றுபோகும்போது 33. இவை ஹெக்ஸ் எண்கள், அதாவது 16ஐ அடியாகக் கொண்டு எழுதுபவை. சிப் விழிக்கும்போது சில பின்களில் மின்னழுத்தம் இருக்கிறதா என்று பார்த்து, அதைத்தான் இந்த எண்ணாகச் சொல்கிறது. பின் 0க்கு 10, பின் 15க்கு 2, பின் 5க்கு 1. கூட்டினால் 13. மேற்கொண்டு வந்த 20, பின் 12க்கு உரியது. இரண்டு நாளாக என் கண்ணெதிரே ஓடிய வரியிலேயே பின்னின் பெயர் எழுதியிருந்திருக்கிறது.

ரீசெட் நேரத்தில் பின் 12ல் மின்னழுத்தம் உயர்ந்திருந்தால், ஃப்ளாஷுக்கு 3.3 வோல்ட்டுக்குப் பதில் 1.8 வோல்ட் கொடுக்க வேண்டும் என்று சிப் எடுத்துக்கொள்ளும். இந்த போர்டில் இருப்பது 3.3 வோல்ட் ஃப்ளாஷ். அதற்கு 1.8 போதாது. படிக்கவும் முடியாது, எழுதவும் முடியாது. பின் 12ஐக் கீழே பிடித்துவைக்க சிப்புக்குள்ளேயே ஒரு பலவீனமான ரெசிஸ்டர் உண்டு. கார்டு மாட்யூலிலோ அதே ஒயரின் மின்னழுத்தத்தை மேலே இழுக்கும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. அதுதான் ஜெயிக்கும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன்: ஒயர் இல்லாமல் பூஜ்யம், ஒயரோடு 2.7 வோல்ட்டுக்குக் கிட்ட.

கார்டின் நான்கு ஒயர்களையும் எதிர் வரிசைக்கு, அதாவது 19, 23, 18, 5க்கு மாற்றினேன். நிரலில் பின் எண்களைத் திருத்தினேன். முதல் முறையிலேயே ஓடியது. ஃப்ளாஷ் மின்னழுத்தத்தை 3.3 என்று சிப்பில் நிரந்தரமாகப் பதித்துவிடும் வழியும் இருக்கிறது. பதித்தால் திருப்ப முடியாது. நான்கு ஒயரில் முடிகிற காரியத்துக்கு அது வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

என் ஒரே பெரிய குறை இதுதான்: போர்டின் மேல் மற்ற பின்களைப் போலவே அதே எழுத்தில் டி12 என்று அச்சடித்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு புள்ளி, ஒரு நட்சத்திரம், ஏதாவது வைத்திருக்கலாம். பின் 2ம் இப்படித்தான். அதை எதுவும் மேலே இழுத்துப் பிடித்திருந்தால் நிரலை ஏற்ற முடியாது. 34, 35 பின்கள் உள்ளீட்டுக்கு மட்டுமே. அதில் ரிலேவை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சை) மாட்டிவிட்டு ஏன் அசையவில்லை என்று தேடிப் பயனில்லை. முதல்முறை வாங்குகிற ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, தான் வாங்கியது கெட்டுப்போன போர்டு என்று நினைத்து மூலையில் போட்டுவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

இன்னும் சில. போர்டு அகலமானது, ஒயர் செருகும் துளைப்பலகையான பிரெட்போர்டு ஒன்றில் மட்டும் வைத்தால் ஒயர் செருக இடம் போதாது. இரண்டைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். வைஃபை போட்டால் மெலிந்த கேபிளில் மின்னழுத்தம் இறங்கி ரீசெட் ஆகும். பேட்டரியில் மாதக்கணக்கில் ஓட்ட நினைத்தால் இது சரிவராது, சிப் தூங்கினாலும் மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரும் சிவப்பு விளக்கும் மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். எனக்கு மோட்டார் அறையில் கரண்ட் இருக்கிறது, கவலையில்லை.

முதல் மாதக் கணக்கை கார்டிலிருந்து எடுத்து, வரைபடமாக அப்பாவிடம் காட்டினேன். மேல் மண் காய்ந்த நாளிலும் இரண்டு அடியில் ஈரம் நின்றிருந்தது. வரைபடத்தின் கோட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு நாள் பொறுக்கலாம்ப்பா" என்றார். போன வாரம் கிணற்று நீர்மட்டத்துக்காக இன்னும் இரண்டு போர்டு வாங்கினேன். பெட்டியைப் பிரித்ததும், தங்கச்சியின் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து இரண்டிலும் டி12 பக்கத்தில் ஒரு பொட்டு வைத்துக் காயப் போட்டிருக்கிறேன்.